ஒரு வரிக்கு அனுமதி

ரத்ததானச் சங்கத்துக்குப் புதிதாக வந்த செயலாளர், புள்ளிவிவரத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். சைக்கிள் கடை மாடியில் இருந்த அந்த இரண்டு அறை அலுவலகத்தில் எல்லாமே அவருக்குப் பிடித்திருந்தது, ஜன்னலோரம் டெலிபோனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அக்காவைத் தவிர.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. 'ஒரு நிமிஷ அக்கா' என்றால்தான் ஆஸ்பத்திரியில் தெரியும். ரத்தம் கொடுப்பவர்களைக் கூப்பிட்டு ஒரு நிமிஷத்துக்குள் ஒரு கதை சொல்வாள். "போன தடவை நீங்க குடுத்தது ஒரு லாரி டிரைவருக்குப் போச்சுண்ணா. இப்ப எழுந்து உக்காந்து, சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு வீட்டுல சண்டை போடுறாரு." எப்போது வரவேண்டும் என்று அவர்களே கேட்டுவிடுவார்கள். வீட்டிலும் அம்மா ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசமாட்டாள், திட்டும்போது மட்டும் கணக்குக் கிடையாது என்பாள் அவள் மகள்.

கதையில் அக்கா கைச்சரக்கு எதையும் சேர்ப்பதில்லை. சாயங்காலம் வார்டுக்குப் போய், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடம், "உங்க கதையை நாலு பேர்கிட்ட சொல்லலாமா?" என்று கேட்பாள். சரி என்றால் அவர்களுக்கென்று வைத்திருக்கும் அட்டையில் பச்சை டிக். வேண்டாம் என்றால் சிவப்புக் கோடு, அந்தக் கதை அவளோடு சரி.

"கதை சொல்லவாம்மா சங்கம் நடத்துறோம்? நாலு புள்ளிவிவரம் அனுப்பினா ஓடி வருவாங்க" என்பார் செயலாளர்.

அன்று காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் இன்னும் ஒரு யூனிட் வேண்டும், பன்னிரண்டு மணிக்குள். செயலாளர் பட்டியலில் இருந்த பத்தொன்பது பேருக்கும் சதவீதங்களோடு செய்தி அனுப்பினார். பதினொன்றாகியும் அவருடைய செல்போன் கல்லு மாதிரிக் கிடந்தது.

"பன்னெண்டு பேரு மூணு மாசத்துக்குள்ள குடுத்தவங்க சார். ஆறு பேரு ஊர்ல இல்லை. மிச்சம் தையல்காரர் ஒருத்தர்தான்" என்றாள் அக்கா.

தையல்காரர் மூன்று வருஷமாக வருவதில்லை. தன் ரத்தத்தைப் பெற்றவர் எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்டபோது, இரண்டு நாளில் இறந்துவிட்டார் என்று அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டாள். "வீணாப் போச்சேம்மா. இனிமே கூப்பிடாதீங்க" என்று வைத்துவிட்டார்.

"அவரு பொழைச்சிட்டாரு, தகவல் தப்புன்னு சொல்லிடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் செயலாளர். புள்ளிவிவரக்காரர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

அக்கா சிவப்புக் கோடு போட்ட அட்டை ஒன்றை எடுத்தாள். இறந்தவரின் மகள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதுவிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மகளின் எண்ணைத்தான் முதலில் சுழற்றினாள். உயிர் போகிற நேரத்தில் அனுமதியா என்று செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் ஒரே ஒரு வரிக்குச் சம்மதித்தாள். அக்கா அதைப் பென்சிலால் எழுதி, திரும்பப் படித்துக் காட்டிவிட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டாள்.

"கூப்பிடாதீங்கன்னு சொன்னேனே." பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் பக்கத்தில் நின்ற செயலாளருக்கும் கேட்டது.

"ஒரு வரிதாண்ணா. அவரு மகளே சொல்லச் சொன்னது. ஏழு வருஷம் என்கூடப் பேசாத அப்பா, அந்த ரெண்டு நாளும் பேசினாரு."

அதற்கு மேல் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. மெஷின் சத்தம் நின்றது. முப்பது வருஷம் செயலாளர் எழுதித் தள்ளிய அறிக்கைகளில் ஒன்றுகூட ஒரு தையல் மெஷினை நிறுத்தியதில்லை.

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார் தையல்காரர். படுத்துக் கையை நீட்டியபடி செயலாளரிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கும் ரெண்டு நாள் கிடைச்சாப் போதும் சார். அதுக்குத்தான் வந்தேன்."

அடுத்த இரண்டு நாளும் சாயங்காலம் அக்காவோடு வார்டுக்குப் போனார் செயலாளர். இரண்டாவது நாள், "உங்க கதையைச் சொல்லலாமாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு, அட்டையில் பச்சை டிக் போட்டது அவர்தான். மறுநாள் காலை அக்கா தையல்காரரைக் கூப்பிடும்போது பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு மூணாவது நாள்ண்ணா" என்றாள் அக்கா. "பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருக்காங்க."