மஞ்சள் புள்ளிக்கு மேலே

அக்கா ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்தாள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் எனக்குச் செடிகொடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஐப்பசி பிறந்தால் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு கொல்லிமலை ஏறுவேன். ஈரப் பாறைகளில் ஒட்டி வளரும் காட்டுக் காசித்தும்பையைத் தேடுவாள். செடி இருக்கும் பாறையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பாள். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. புள்ளிக்குப் புள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவாள்.

ஒருமுறை ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நிழலில் வைத்தாள், ஈரச் சாக்கைச் சுற்றினாள். நான்காம் நாள் தண்டு கூழாகிவிட்டது.

"நாந்தான் கொன்னுபோட்டேன்" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. "கீழ இருக்கிற சூடு மேல ஏறிக்கிட்டே இருக்குதுடா. அதுக்கு முன்னால இது ஏறிக்கோணும்."

அவள் இறந்த பிறகு வந்த ஐப்பசியிலும் போனேன். வழக்கமாக எங்களுக்கு வழிகாட்டும் மிளகுத் தோட்டக்காரர் உடன் வந்தார். முதல் புள்ளியில் செடி இல்லை. பாறை காய்ந்து கிடந்தது. அடுத்ததிலும் இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் என் கால்கள் தாமாக நின்றன. பின்னால் மூச்சிரைப்புக் கேட்டது. அவர்தான் என்று திரும்பினேன். யாருமில்லை. அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"பனி முன்ன மாதிரி எறங்கறதில்லீங்க. மேல பாக்கலாம் வாங்க" என்றார்.

கடைசிப் புள்ளியையும் தாண்டி, உச்சிப் பாறையின் வெடிப்பு ஒன்றில் சில செடிகள் இருந்தன. இந்த இடத்தில் இது வளராது என்று அக்கா சொல்லியிருந்தாள். இலைகள் நகமளவு சுருங்கியிருந்தன. பூ மட்டும் அதே இளஞ்சிவப்பு, அதே அளவு.

"இதுக்கு மேல எங்கீங்க போகும்?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். பாறை அங்கேயே முடிந்திருந்தது.

முற்றிய காய் ஒன்றைத் தெரியாமல் தொட்டுவிட்டேன். அது வெடித்து விதைகள் தெறித்தன. சில வெடிப்புக்குள் விழுந்தன, மற்றவை சரிவில் உருண்டன. பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க. தானாவும் அப்படித்தானுங்க வெடிக்கும்."

வீடு திரும்பியபோது அம்மா கதவருகே நின்றிருந்தாள்.

"செடி இருந்துச்சா சாமி?"

"இருக்குதும்மா."

"அதே எடத்துலயா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போனேன்.