சீலிங் ஈரமும் நீலப்பூப் பீங்கானும்

வீடு வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிப் போவது குறை கண்டுபிடிக்க. விற்கிறவர்கள் எனக்குத் தேத்தண்ணீர் தருவது அதைக் கண்டுபிடிக்காமல் இருக்க. இந்த இரண்டு பக்கத்திலும் நின்று பட்ட வாசகர்களே, வெள்ளவத்தையில் ஒரே ஒரு பிளாட்டுக்காக நான் பட்டதைக் கேளுங்கள்.

காயாத பெயின்ட்

விற்கிறவர் பரமலிங்கம், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மனைவி ஏற்கெனவே கனடாவில் மகளோடு. வீட்டை விற்றுவிட்டு இவரும் போக வேண்டும். வாங்க வந்தவர் கொட்டாஞ்சேனை ஸ்டெல்லா. அவருடைய மகளுக்கு மூச்சு இழுப்பு. பழைய வீட்டு ஈரச் சுவரிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றத்தான் இந்த வீடே.

கடற்காற்றில் யன்னல் பிணைச்சல்கள் துருப்பிடித்திருந்தன. வெள்ளவத்தையில் அதை யார் கணக்கெடுப்பார்! ஆனால் சின்ன அறையின் சீலிங் மட்டும் சந்தேகப்படும்படி பளிச்சென்று இருந்தது. கதிரையில் ஏறிக் கை வைத்தேன். ஈரம். அதற்கு நேர் மேலே மேல்வீட்டுக் குளியலறை. பெயின்ட் இன்னும் காயவில்லை என்றார் பரமலிங்கம். நாங்கள் நின்றது தை மாதத்தில். எப்போது அடித்தது என்று கேட்டேன். முகம் கொஞ்சமும் மாறாமல் சொன்னார்: "தீபாவளிக்கு."

செடிகளும் சேர்த்து

ஒழுக்கை நிறுத்த மேல்வீட்டுக் குளியலறையை உடைக்க வேண்டும். அதற்குப் பரமலிங்கம் மேல்வீட்டு ஹனீபா ஹாஜியாரிடம் கேட்க வேண்டும். இரண்டு பேரும் கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை பிடித்து, பல வருஷமாகக் கதை பேச்சு இல்லை.

பரமலிங்கம் விலையைக் குறைத்தார். ஏசியைத் தருகிறேன் என்றார். பிறகு அலுமாரி, பிரிட்ஜ், கடைசியில் பல்கனிச் செடிகளும் பேரத்துக்கு வந்துவிட்டன. படியேறுவது மட்டும் முடியாதாம். ஸ்டெல்லா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அங்கிள், விலைய குறைச்சா மகளுக்கு இழுப்பு குறையுமா?"

தூது

வேறு வழி? நான்தான் மேலே போனேன். விஷயத்தைச் சொன்னதும், அவரே வந்து கேட்கட்டும் என்று ஹாஜியார் முடித்துவிட்டார். அப்போதுதான் சாப்பாட்டு மேசையில் நீலப்பூப் போட்ட ஒரு பீங்கான் தட்டைக் கண்டேன். கழுவித் துடைத்துத் தனியாக வைத்திருந்தது. தீபாவளிக்குக் கீழ்வீட்டிலிருந்து காவலாளி கையில் முறுக்கோடு வந்ததாம். நோன்புப் பெருநாளுக்கு இனிப்பு வட்டிலப்பத்தோடு திரும்பக் கீழே போகுமாம். சண்டைக்கு முன் தொடங்கியது, சண்டைக்குப் பிறகும் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. கதை பேச்சு இல்லாமல் பலகாரம் மட்டும் எப்படி என்று கேட்டேன். ஹாஜியாருக்கோ அது ஒரு விஷயமாகவே படவில்லை. "வந்த பீங்கான சும்மா அனுப்பேலுமா தம்பி? அவரும் சும்மா அனுப்பல்ல, நானும் அனுப்பல்ல. பொறகு எப்பிடி நிப்பாட்டுற?"

படியேறியது

கழுவித் துடைத்து வைத்திருந்த பீங்கானைப் பற்றிப் பரமலிங்கத்திடம் போய்ச் சொன்னேன். அடுத்த நாள் பின்னேரம் அவர் சேட்டு மாற்றிக்கொண்டு படியேறினார். ஊரிலுள்ள எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுக்கொண்டு நான் பின்னால் போனேன். ஹாஜியார் கதவைத் திறந்தார். பரமலிங்கம் குளியலறை என்ற பேச்சையே எடுக்கவில்லை. "ஹாஜியார், பீங்கான் இன்னும் கீழ வரேல்லை," என்றார்.

வியாபாரம் கெட்டது, ஸ்டெல்லாவுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். ஹாஜியார் கதவை முழுக்கத் திறந்தார். "பெருநாளைக்கு நீங்க இங்க ஈக்க மாட்டீங்களாமே. உள்ளுக்கு வாங்க."

துவாயோடு வந்தவர்கள்

அடுத்த கிழமை மேசன் பாஸ்மார் வந்து, ஹாஜியார் ஆசையாகப் போட்ட டைல்ஸை உடைத்தார்கள். இந்த விற்பனையில் அவருக்கு ஒரு சதம் லாபம் கிடையாது. வேலை முடியும்வரை மேல்வீட்டார் எல்லோரும் துவாயும் சவர்க்காரமுமாக இறங்கி வந்து பரமலிங்கம் வீட்டில்தான் குளித்தார்கள். வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்தது பரமலிங்கம்.

எத்தனையோ வீடு ஏறி இறங்கியவன் நான், இப்படியொன்றைக் கண்டதில்லை. கும்பிட வேண்டும்போல இருந்தது. கும்பிட்டிருப்பேன், அதற்குள் ஹாஜியார் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்: "தம்பி, இவர்ட ஷவர்ல தண்ணி வருதில்ல. அத நீங்க பாக்கல்லியா?"

திறப்புக் கொடுத்த நாள்

கடைசியாக ஒருமுறை கதிரையில் ஏறிக் கை வைத்தேன். சீலிங் நன்றாகக் காய்ந்திருந்தது. ஸ்டெல்லாவின் மகள் வெறும் நிலத்தில் மல்லாந்து படுத்து, இதுதான் என் அறை என்று அறிவித்துவிட்டாள். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பரமலிங்கம் வாசல் கதவின் திறப்பை ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். பிறகு குசினிக்குள் போய் அந்த நீலப்பூப் பீங்கானைக் கொண்டுவந்தார். பெருநாளைக்குக் காத்திராமல் வட்டிலப்பம் முந்தின நாளே வந்து, அவர் சாப்பிட்டுக் கழுவியும் வைத்துவிட்டார். அதை ஸ்டெல்லாவின் இரண்டு கையிலும் வைத்தார். "பிள்ளை, இது மேல்வீட்டுக்குப் போகவேண்டியது. மார்கழியில நத்தாருக்குக் கேக் செய்வீங்கள்தானே? வெறுமையா மட்டும் அனுப்பிப்போடாதேங்கோ."

இப்போதெல்லாம் வீடு பார்க்கப் போனால் முதலில் ஷவரைத் திறந்து பார்க்கிறேன், பிறகு குசினியில் அயல்வீட்டுப் பீங்கான் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறேன், சீலிங்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.