தண்ணீர் நிற்காத குழி

“நாலு எழுத்து படிச்சிட்டா வூடு கட்டத் தெரிஞ்சிடுமா?” என்று மேஸ்திரி ஒருமுறை என்னைக் கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல.

விருத்தாசலத்தில் எங்கள் புது வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாளில், கலவை மெஷினோடு ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள்; புருவத்தில்கூட சிமென்ட் தூள். மெஷினை ஓடவிடும் முன் ஒவ்வொரு தூண் குழியிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, நிற்கிறதா என்று பார்த்தார்.

“குழிக்குத் தாகமாய்யா? அப்படியே ஒரு டீயும் வாங்கி ஊத்து! நல்ல நேரம் போவுது,” என்றார் மேஸ்திரி.

மூன்று குழிகளில் தண்ணீர் தேங்கியது. நாலாவதில் ஊற்ற ஊற்ற மறைந்தது. அடியில் எங்கோ சில்லுகள் சரியும் சத்தம் கேட்டது. மெஷின்காரர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, இது பீங்கான் கம்பெனிக்குக் களிமண்ணு எடுத்த பள்ளம். பீங்கான் உடைசலக் கொட்டி மூடியிருக்காங்க. மேல கெட்டியா இருக்கும், உள்ள பூரா பொந்து. தூணு எறங்கிடும்.”

“மேஸ்திரிகிட்ட சொல்லுங்களேன்.”

“எனக்கு வேல குடுக்கறவரே அவருதான். நான் சொன்னதா சொல்லிடாத.”

போய் மெஷினை ஓடவிட்டார். வேலை போய்விடும் என்று இவ்வளவு பயந்தவர் என்னிடம் மட்டும் ஏன் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் சட்டி கலவை நாலாவது குழியின் விளிம்புக்கு வந்தபோது, நான் அதற்குள் இறங்கி நின்றிருந்தேன்.