பெனடிக்டின் மடத்தின் நிழல் பக்கம்

எங்கள் அப்பா ஒரு வேலையில் கை வைத்தால் அது அவருடைய வேலையாகிவிடும். வளைகுடாவில், ருவைஸில் நான் ஆறாவது படித்தபோது, பள்ளிக் கண்காட்சிக்காக ஐரோப்பாவின் பழைய பெனடிக்டின் மடம் ஒன்றின் மாதிரியைச் செய்துவரச் சொன்னார்கள். செய்வது நான் என்று பெயர். வெள்ளிக்கிழமை லீவுத் தூக்கத்தை விட்டுவிட்டு ஏசி பெட்டியில் வந்த தெர்மகோலை அறுத்தது அவர். பசை டப்பாவைப் பிடித்துக்கொள்ளும் உரிமை மட்டும் எனக்கு இருந்தது.

நடுவே சதுரமாகப் புல்வெளி. அதைச் சுற்றி நான்கு பக்கமும் கூரை போட்ட நடை. வரிசையாக அரைவட்ட வளைவுகள், அவற்றைத் தாங்க சாக்பீஸில் ஜோடித் தூண்கள். வடக்கே தேவாலயம், சமையல் வாசனை அங்கே போகாதபடி எதிரே, தெற்கில், சாப்பாட்டுக்கூடம். பல நூறு வருடங்களுக்கு முன்பு துறவிகள் இந்த நடையில் பேசாமல் நடந்தார்கள், உட்கார்ந்து படித்தார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. அப்பா அவர்களுக்குத் தீக்குச்சியில் பெஞ்சு செய்து போட்டார்.

“நமக்கு ஊர்ல ஒரு ரூம் கட்டச் சொன்னா லீவு இல்லங்கிறீங்க. சாமியாருங்களுக்கு மாளிகையே எழும்புது” என்றார் அம்மா.

கண்காட்சியன்று மடத்தைச் சுற்றிக் கூட்டம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் பரிசு எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அப்பா கட்டட வேலை நடக்கும் சைட்டிலிருந்து நேராக, உடுப்புகூட மாற்றாமல் வந்து நின்றார். வரலாற்று மிஸ் குனிந்து பார்த்தார். எல்லாம் பிரமாதம், பெஞ்சுதான் பக்கம் மாறியிருக்கிறது என்றார். துறவிகள் உட்கார்ந்து படித்தது தேவாலயச் சுவரை ஒட்டிய வடக்கு நடையில். நாங்கள் தெற்கில் போட்டிருந்தோம்.

அப்பா அசரவில்லை. “மேடம், அங்க வெயில் நேரா விழுமே! தெரிஞ்சுதான் இந்தப் பக்கம் போட்டேன். நாள் பூரா நிழல் இருக்கும்.”

மிஸ் சிரித்துவிட்டார். “சார், அது குளிர் நாடு. அவங்க வெயிலைத் தேடிப் போய் உட்காருவாங்க.”

“அப்படியுமா?” என்றார் அப்பா. அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

முதல் பரிசு புகை விட்ட ஒரு எரிமலைக்குப் போனது. எனக்கு மிஸ் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் எங்கள் மடம்தான் பிரின்சிபால் அறை வாசலில் வெகுநாள் இருந்தது. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் “எங்கப்பா செஞ்சது” என்று பெருமையாகச் சொன்னேன். நான் செய்ததாகச் சொல்லவேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

வெயிலைத் தேடிப் போகிற மனிதர்களும் உண்டு என்பது அப்பாவுக்கு ஏன் தோன்றவே இல்லை என்று நான் யோசிக்கவில்லை. சைட், சைட் என்று வீட்டில் தினமும் பேச்சு நடக்கும். அங்கே நிழல் கிடையாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.