மூர்த்தி அல்ல, விகர்ணன்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த மலரின் அட்டையில் விகர்ணன் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. “கௌரவன் பேரும்மா அது. நல்லாவா இருக்கு? மூர்த்தின்னு போட்டுடு” என்று சித்தப்பா ஒரு மாதமாக போனில் என் உயிரை எடுத்துவிட்டார். யார் அந்த மூர்த்தி? எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை.

அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். வடாற்காட்டிலிருந்து போனவர்கள் அங்கே திரௌபதி அம்மனுக்குக் கூத்து நடத்துவார்கள். துகில் உரியும் கூத்தில் விகர்ணன் வேஷத்தை யாரும் விரும்புவதில்லை. எழுந்து நாலு வரி பேசினால் வேலை முடிந்தது. அதை வருஷா வருஷம் அப்பா தலையில் கட்டுவார்கள். அவரோ அதையே பிள்ளைக்குப் பெயராக வைத்துவிட்டார்.

அந்தக் கதையை அண்ணன் சொல்லாத இடமில்லை. ரேஷன் கடையில் வரிசை நகராமல் பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்தபோது பெரியவர்கள் எல்லாம் வாய்மூடி இருந்தார்கள். துரியோதனனின் தம்பி விகர்ணன் மட்டும் எழுந்து, இது நியாயமில்லை என்றான். சிறுபிள்ளை என்று அவனைக் கர்ணன் அடக்கினான். அப்படியும் அண்ணன்மாரை விட்டுப் போகாமல், போரில் அவர்கள் பக்கமே நின்று பீமன் கையால் செத்தான். தோற்றவன் பெயரை வைத்துக்கொண்டு என்ன பெருமை என்று எரிச்சலோடு கேட்பேன். அண்ணன் சிரிப்பார்.

சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வந்து, அடுகோடியில் லேத் பட்டறையில் சேர்ந்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து மெஷின்காரருக்காக முதலாளியிடம் பேசப்போய், தன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார். அண்ணி பட்ட பாட்டை அண்ணிதான் எழுத வேண்டும்.

புகுந்த வீட்டில் அடி தாங்காமல் நான் திரும்பி வந்தபோது, பெரியவர்கள் கூடிப் பேசி, அனுசரித்துப் போகச் சொன்னார்கள். அண்ணன் எழுந்தார். “நீ சின்னவன், உட்காருப்பா” என்றார் சித்தப்பா.

“உட்காரமாட்டேன் சித்தப்பா. அவ கையப் பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க.”

கூட்டம் கலைந்தது. நான் புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

மறுநாளே சித்தப்பா வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்க அண்ணன் கிளம்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவரு நம்ம சித்தப்பாதானே” என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், பெயர் கேட்ட நர்ஸிடம் மூச்சு வாங்க வாங்கக் கன்னடத்தில் அதே கதை. பேசாமல் படுங்கள் என்று அதட்டினேன். இன்று யாராவது அதைச் சொல்லமாட்டார்களா என்றிருக்கிறது.

உடனிருந்து பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மாறி மாறிக் காவல் இருந்த பட்டறை நண்பர்களுக்கும் நன்றி. தினமும் டிபன் கேரியரோடு இரண்டு பஸ் மாறி வந்தவர் சித்தப்பா. அவருக்கு என் வணக்கம். ஆனால் அட்டையில் பெயர் மாறாது சித்தப்பா. நானும் உட்காரமாட்டேன்.