பாலையடிக்குப் போன கம்பி

எங்கள் குளம் உடைந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அந்த மார்கழியில் அம்மாவின் தம்பி, என் மாமா, கொழும்பிலிருந்து லீவில் எங்களிடம் வந்திருந்தார். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பிஸ்கட் பெட்டியும் சீத்தைத் துணியும் கொண்டுவருவது வழக்கம். மாமா ஒரு தகரப் பெட்டியும் ஒரு சாக்கு நிறையச் செப்புக் கம்பியும் கொண்டுவந்தார். அம்மா சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பக் கட்டி வைத்தா.

அப்பா யாழ்ப்பாணத்தில் காணியில்லாமல், கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் வயலும் மேட்டுக்காணியும் கிடைத்து வந்தவர். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலும் மின்சாரம் இல்லை. பாட்டுக் கேட்கிற ரேடியோகூட இரண்டு மூன்று பேரிடம்தான் இருந்தது. அப்படியிருக்க, மாமா தானே செய்த பெட்டியால் கண்காணாத ஊர்க்காரரோடு கதைப்பார் என்றால் யார் நம்புவார்கள்? வாயால் கதைப்பதுமில்லை. சிறிய பித்தளைக் கட்டை ஒன்றை விரலால் தட்டித் தட்டி, நீட்டியும் குறுக்கியும் ஓசை எழுப்புவார். அதற்கென்று அரசாங்கம் கொடுத்த அனுமதிக் கடிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். ஒரு கலியாணத்தைக் கட்டிவைத்தால் இதெல்லாம் தன்பாட்டில் போய்விடும் என்பது அம்மாவின் முடிவு.

வந்த மறுநாளே மாமா நீளமான மூங்கில் ஒன்றை வெட்டி, அதில் ஒரு கம்பியைக் கட்டி முற்றத்தில் நட்டார். அதோடு விட்டிருந்தால் வீட்டில் சண்டை வந்திருக்காது. மூங்கிலின் அடியிலிருந்து பன்னிரண்டு கம்பிகளை, வண்டிச் சில்லின் ஆரக்கால்கள்போல, சுற்றிவர நிலத்தில் விரித்தார். ஒவ்வொன்றும் முப்பதடிக்கு மேல். ஒன்று அம்மா சமைக்கிற குசினி வாசலால் போயிற்று, ஒன்று கிணற்றடிக்குப் போயிற்று, ஒன்று மாட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்தது.

"உதெல்லாம் என்னத்துக்கு, மச்சான்?" என்று அப்பா கேட்டார்.

"மூங்கில்ல நிக்கிறது பாதி ஏரியல்தான், அத்தான். மற்றப் பாதி நிலத்தில கிடக்கோணும். இல்லாட்டி அனுப்புறதையெல்லாம் மண் குடிச்சிடும்."

மண் குடித்ததோ இல்லையோ, அன்று அம்மா கிணற்றடிக் கம்பி தடக்கி ஒரு குடம் தண்ணீரை மண்ணுக்குக் கொடுத்தா. பசு ஒரு கம்பியைக் காலில் சுற்றிக்கொண்டு வேலியை நோக்கி ஓடியது. அடுத்த நாள் பார்த்தால் ஒரு கம்பியைக் காணவில்லை. அப்பா அதை எடுத்து வேலி வாசல் படலையைக் கட்டியிருந்தார்.

அந்தக் கம்பிகளோடு ஒத்துப்போனது வீட்டில் நான் மட்டும்தான். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பலகைத் துண்டு இருந்தது. எட்டு எழுதுவதுபோல அதில் சுற்றி வைத்தால், பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு நடக்க நடக்கச் சிக்காமல் கழன்று வரும். வட்டமாகச் சுற்றினால் தலைமயிர்போலச் சிக்கிவிடும். மூன்றாம் நாளிலேயே நான் மாமாவைவிட வேகமாக விரிப்பேன். நுனியில் சிவப்புத் துணி கட்டி, அதை ஒரு ஆணியால் நிலத்தில் இறுக்கிவிட்டு, மற்றதற்கு ஓடுவேன். என் வயதுக்கு அது பெரிய பெருமை. பள்ளிக்கூடம் தொடங்கியதும் யார் யாரிடம் சொல்வது என்று ஒரு கணக்கும் வைத்திருந்தேன்.

பிறகு மழை பிடித்தது. நான்கு நாட்கள் விடவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில் குளக்கட்டு உடைந்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. அம்மா என்னை இழுத்து எழுப்பியபோது பாய் ஈரமாக இருந்தது. அதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. அப்பா பசுவை அவிழ்த்துவிட்டார். அம்மா ஒரு பானையையும் அரிசியையும் தூக்கினா. மாமா தகரப் பெட்டியைத் தலையில் வைத்தார். கம்பிச் சாக்கை நான் எடுத்ததை அந்த அவசரத்தில் யாரும் தடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மேடான இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வகுப்பறைகள் நிறைந்து முற்றமும் பாதி நிறைந்திருந்தது. சனத்தோடு மாடுகளும் ஆடுகளும் ஏறி நின்றன. மழை விட்டிருந்தது. ஆனால் முற்றத்தின் தெற்கு விளிம்பில் நின்று பார்த்தால், நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், தாழ்ந்த பக்கத்து வீடுகள் இருந்த இடத்தில், மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. ஒரு மருத மரத்தில் யாரோ வெள்ளைத் துணியை ஆட்டினார்கள். பக்கத்து மரத்திலும் ஆட்கள் இருந்தார்கள். எத்தனை பேர் என்று சொல்ல முடியாத தூரம்.

இரண்டு இளந்தாரிகள் உழவு இயந்திரச் சில்லின் காற்று ரியூப்பைப் பிடித்துக்கொண்டு நீந்தப் பார்த்தார்கள். கயிற்றால் இழுத்து எடுக்கும்போது ஒருவனுக்குப் பாதி உயிர்தான் இருந்தது. வள்ளம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. வள்ளம் இருப்பது முல்லைத்தீவுக் கரையில். கேட்டனுப்புவதென்றால் தபால் கந்தோரின் தந்திக் கம்பி அறுந்து கிடந்தது. றோட்டை இரண்டு இடத்தில் வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

மாமா தலைமை ஆசிரியரிடம் போய் ஏதோ சொன்னார். அவர் மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முற்றத்தில் ஏற்றி நிறுத்தியிருந்த உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். கொடியேற்றுகிற கம்பத்தில் ஏரியல் ஏறியது. முற்றத்தில் சனம் இருந்தபடியால் நான்கு கம்பிகளை மட்டும் விரித்தோம். மாமா தட்டத் தொடங்கினார். தட்டினார், காதில் மாட்டியதை அழுத்திக் கேட்டார், திரும்பத் தட்டினார். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். யாரும் மறுமொழி சொல்லவில்லை.

மாமா எழுந்து காலால் நிலத்தை உதைத்துப் பார்த்தார். அது கிரவல் போட்ட முற்றம். மேலே நனைந்திருந்தாலும் கீழே கல்.

"மிச்சக் கம்பியும் போடோணும். எல்லாரும் கொஞ்சம் எழும்பி இடம் விடுங்கோ" என்றார்.

அப்போதுதான் ஒரு கிழவர் வெடித்தார். அவருடைய மகள் குடும்பம் தாழ்ந்த பக்கத்தில் இருந்தது. "அங்கை ஆக்கள் சாகுதுகள், நீர் இங்கை கம்பி விரிச்சு விளையாடுறீரோ?"

மாமா குனிந்து அடுத்த பலகையை எடுத்தார். அப்பாதான் முன்னுக்கு வந்தார். எங்கள் படலையைக் கட்ட அந்தக் கம்பியை எடுத்த அதே அப்பா. "அண்ணை, உங்கட மகளுக்காகத்தான் விரிக்கிறார். வேற வழி இருந்தால் சொல்லுங்கோ, செய்வம்" என்றார். கிழவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சனம் மெல்ல எழும்பி ஒதுங்கியது.

நான் பலகைகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஐந்து, ஆறு, ஏழு. மாட்டின் கால்களுக்கு நடுவால், அடுப்பு மூட்டியிருந்த கற்களுக்குப் பக்கத்தால். மிஞ்சியிருந்த கடைசிக் கம்பி, பதினோராவது, முற்றத்து மூலையில் நின்ற பாலை மரத்தை நோக்கிப் போகவேண்டியது. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மாமா கூப்பிட்டார்.

"அதை விடு, பிள்ளை. அது இல்லாமலும் பார்க்கலாம்."

எனக்கு ரோசம் வந்தது. என்னால் முடியாது என்று நினைக்கிறார் என்று எண்ணினேன். கேட்காததுபோல நடந்தேன்.

பாலையடியில் ஒரு இளம்பெண் ஈரச் சேலையோடு தனியே இருந்தாள். புதிதாகக் குடிவந்தவர்கள். புருஷன், சுகமில்லாத தன் தகப்பனைப் பார்க்க யாழ்ப்பாணம் போயிருந்தான். மடிக்குப் பக்கத்தில் துண்டுப் பாய் ஒன்றில் அவளுடைய கைக்குழந்தை, முகம்வரை துணியால் மூடிக் கிடந்தது. அவளைச் சுற்றி நிறைய இடம் இருந்தது. இவ்வளவு சன நெரிசலில் ஏன் அவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. கம்பி விரிக்க வசதி என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி இருக்கிறீங்களோ? இதால கம்பி போகோணும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளை நித்திரை" என்றாள்.

"எழுப்பமாட்டன். நீங்கள் பிள்ளையைத் தூக்கினால் நான் கெதியாப் போட்டிடுவன்."

"உது போட்டால் என்ன நடக்கும்?"

"முல்லைத்தீவில இருந்து வள்ளம் வரும். மரத்தில நிக்கிற ஆக்களைக் கொண்டுவருவினம். டொக்டரும் வருவார், அக்கா. உங்கட பிள்ளையையும் காட்டலாம்."

"ஓம்" என்றாள். பிறகு குழந்தையைத் துணியோடு அள்ளி நெஞ்சில் அணைத்துக்கொண்டு எழும்பி, பாயைத் தன் காலாலேயே ஒதுக்கிவிட்டாள். நான் கம்பியை இழுத்து வேரடியில் ஆணி அடித்தேன். வேரில் ஆணி இறங்காமல் சாய்ந்தது. அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்து நுனியில் வைத்தாள். "நீ போ, தங்கச்சி. இதை நான் பார்க்கிறன்."

கடைசிக் கம்பியையும் போட்ட பிறகு மாமா திரும்பத் தட்டினார். அவருடைய முகத்தைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் இடக் கையைத் தூக்கினார். முற்றம் அடங்கிப்போயிற்று. பென்சிலை எடுத்து என்னுடைய பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். மறுமொழி சொன்னவர் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைபார்ப்பவராம். அவரும் மாமாவைப்போலப் பெட்டி வைத்திருந்தவர். அவர் தொலைபேசியில் அரசாங்கக் கச்சேரிக்கும் பொலிசுக்கும் சொன்னார். அவர்கள் முல்லைத்தீவுக்குச் சொன்னார்கள். மத்தியானம் முழுக்க மாமா எழும்பவில்லை. எங்கே றோட்டு அறுந்திருக்கிறது, எந்தப் பக்கத்தால் வரலாம் என்று தட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரமெல்லாம் கம்பிகளில் ஆடுமாடு மிதிக்காமல் பார்ப்பது என் வேலை. பாலையடிக்கு மட்டும் நான் போகவேண்டி வரவில்லை. அவள் ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி, மறு கையில் ஒரு தடியோடு இருந்தாள். ஆடு கிட்ட வந்தால் தட்டித் துரத்தினாள். ஒருமுறை கல் உருண்டபோது எடுத்துத் திரும்ப வைத்தாள். பார்க்கும்போதெல்லாம் அவளுடைய முகம் தெற்குப் பக்கமாக, அந்த மருத மரங்களை நோக்கியே இருந்தது.

பொழுது சாய்வதற்கு முன் வள்ளங்கள் வந்தன. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன்பிடிக்கிற ஆட்கள் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, றோட்டு முடிந்த இடத்தில் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். கழுத்தில் செபமாலை போட்ட, அகன்ற தோள்காரர்கள். வந்த கையோடு மரக்கோலை ஊன்றிக்கொண்டு தாழ்ந்த பக்கத்துக்குப் போனார்கள். மாமாவிடம் வெடித்த கிழவரின் மகளும் பேரப்பிள்ளைகளும் முதல் வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். கிழவர் மாமாவின் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் உட்கார்ந்து அழுதார்.

இரண்டாவது வள்ளத்தில், கறுத்தப் பையோடு, நாங்கள் டொக்டர் என்று கூப்பிடுகிற அப்போதிக்கரி ஐயா வந்திறங்கினார். நான் சொன்னது நடந்துவிட்டது. நான் பாலையடிக்குப் பறந்தேன். "அக்கா! டொக்டர் வந்திட்டார்! வாங்கோ, வாங்கோ!" என்று முற்றம் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

சனம் திரும்பிப் பார்த்தது. அப்போதிக்கரி ஐயா என் குரலைக் கேட்டுத் தானே அங்கு வந்தார். குனிந்து துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு அதை முன்பு இருந்ததைவிடக் கவனமாக மூடிவிட்டு, தொப்பியைக் கழற்றினார். அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. அன்றைக்கு மட்டும் அவ என்னை ஏசவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேர் மண்வெட்டியோடு பாலை மரத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

நித்திரையாக இருந்த குழந்தையை எழுப்பிச் சாகவைத்தது நான்தான் என்று நம்பினேன். நித்திரை என்று அவள் சொல்லியும் கேளாமல், குளிரில் தூக்க வைத்தேன். மாமா வேண்டாம் என்றும் சொன்னார். வெள்ளம் வடிந்து, மாமா கொழும்புக்குப் போய், ஊரெல்லாம் அவரைப் பற்றிக் கதைத்தபோது, "கம்பி விரிச்சது இவள்தான்" என்று அப்பா என்னைக் காட்டுவார். நான் குசினிக்குள் போய் ஒளிந்துகொள்வேன். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் புருஷனும் அந்த மாசமே காணியை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போய்விட்டார்கள். என்னால்தான் போனார்கள் என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பத்து வருஷம் கழித்து, என் முதற்பிள்ளையைப் பெற அம்மாவிடம் வந்திருந்தபோதுதான் ஒருநாள் இதைச் சொல்லி அழுதேன். அம்மா திகைத்துப்போனா.

"விசரி, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வாறதுக்கு முதலே செத்துப் போட்டுது. வெள்ளத்துக்குள்ள கையால நழுவிப்போனதைத் திரும்பப் பிடிச்சவள். அங்கை இருந்த எல்லாருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும்."

"அந்த அக்காவுக்கு?"

"அவளுக்குத் தெரியாமல் இருக்குமோ?"

அன்று இரவெல்லாம் என் வயிற்றில் கை வைத்தபடி யோசித்தேன். மருத மரங்களில் நின்றவர்களில் அவளுடைய ஆள் ஒருவரும் இல்லை. வருகிற டொக்டரால் அவளுக்கு ஆகவேண்டியதும் ஒன்றும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை பயந்துவிடக்கூடாது என்று நித்திரை என்று சொல்லிவிட்டு, அவள் எழும்பி இடம் விட்டிருக்கிறாள்.