வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போன்

போன் வாங்க வேண்டும் என்று முடிவான நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. பெரிய பொருள் எதை வாங்கினாலும் எனக்கு இப்படித்தான். ஆனால் அந்த வாரம் வேறு மாதிரி இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது.

என் மனைவி நான்கு வருடமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுடைய போனை மேடம்தான் வைத்திருப்பாள். வெள்ளிக்கிழமை வீட்டார் பள்ளிவாசலுக்குப் போகும் நேரம் அது அவள் கைக்கு வரும். இங்கே இலங்கையில் அப்போது பிற்பகல் மூன்று மணி. அந்த அரைமணி நேரம்தான் எங்கள் குடும்பம். மற்ற நாளெல்லாம் நானும் மகளும் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பராவில் இருப்போம்.

எங்களிடம் இருந்த பழைய போன் மழையில் நனைந்து நனைந்து, பட்டரி வீங்கி, முதுகு மூடி எழும்பி நின்றது. ரப்பர் பட்டி போட்டுத்தான் வைத்திருந்தோம். திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. அவள் முகத்தை இரண்டு வருடமாக அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமுமாகத்தான் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் எடுத்த எடுப்பிலேயே அவசரமாகப் பேசினாள்.

"மேடம் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றா. இல்லன்னா அடுத்த மாசம் டிக்கெட் போட்டுத் தாறேங்கிறா. எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குதுங்க. நீங்க யோசிச்சு அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லுங்க. சனிக்கிழமை நான் அவளுக்குப் பதில் சொல்லணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அணைந்துவிட்டது. பிறகு அது உயிர்க்கவே இல்லை.

ஆக எனக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்குள் ஒரு போனும் ஒரு பதிலும் வேண்டும். பதிலை யோசிக்க உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடுவேன். போனை யோசிப்பது கொஞ்சம் லேசாக இருந்தது. அதனால் வாரம் முழுக்கப் போனையே யோசித்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போன் பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் எனக்கு மருந்துச் சீட்டு மாதிரி. மகள்தான் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். ரேம் நாலுக்குக் குறையக் கூடாது. ஸ்டோரேஜ் நூற்று இருபத்தெட்டு. பட்டரி ஐயாயிரம். செக்கண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தாள். முந்தின வருடம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்த லொறியில் நான் ஒரு ரைஸ் குக்கர் வாங்கி, அது மூன்று வாரத்தில் புகைந்துபோனதை அவள் மறக்கவில்லை. அவள் அம்மா மறக்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். அவள் பாத்திரம் கழுவி அனுப்பும் காசு அது.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போனேன். ஐந்து கடை ஏறி இறங்கினேன். ஒரே போனுக்கு ஐந்து கடையிலும் ஐந்து விலை. குறைவான விலை சொன்ன கடையில் ஏன் குறைவு என்று பயம். கூடுதலாகச் சொன்ன கடையில் ஏமாற்றுகிறானோ என்று பயம். ஒரு கடைக்காரர் கம்பனி வாரண்டி என்றார். இன்னொருவர் கடை வாரண்டி என்றார். கடையையே மூடிவிட்டால் வாரண்டிக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அன்று வெறுங்கையோடு திரும்பினேன்.

திங்கட்கிழமை கவ்வாத்து மலையில் என் பக்கத்து நிரையில் தேயிலைச் செடி வெட்டுகிறவர், கினிகத்தேனையில் இதைவிட மலிவு என்றார். கத்தியைச் செடியில் வைத்துவிட்டு நின்று யோசித்தேன். "போன யோசிச்சுக் கைய வெட்டிக்காதப்பா, ஒரு கையால போன் பேசலாம், கவ்வாத்து வெட்ட ஏலாது" என்று சொல்லி அவர் மலையையே சிரிக்க வைத்தார். கவ்வாத்தில் ஒரு வசதி, அன்றைய கணக்குச் செடியை வெட்டி முடித்தால் மத்தியானத்தோடு இறங்கிவிடலாம். செவ்வாய்க்கிழமை இறங்கி, கினிகத்தேனைக்குப் போனேன். மலிவுதான். ஆனால் பெட்டி ஏற்கெனவே பிரித்த பெட்டி. கடைக்காரர் சிங்களத்தில், காட்டுவதற்காகப் பிரித்தது என்றார். இருக்கலாம். ஆனால் இருக்காமலும் இருக்கலாமே. அதையும் விட்டுவிட்டு வந்தேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். பாலில்லாத பிளேன்டீ ஊற்றி வைத்தாள்.

புதன்கிழமை இரவு அவள் கேட்டாள், "அம்மாவுக்கு என்னப்பா சொல்லப் போறீங்க?"

போன் வரட்டும் முதலில், என்றேன்.

உண்மையில் எனக்குத் தெரியவில்லை. அவள் வந்தால் காசு நின்று, பாதி போட்ட கூரை பாதியோடு நிற்கும். மகளுக்கு அந்த வருடம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை, டியூஷன் வகுப்புக் காசு, பஸ் காசு. வராவிட்டால் மகளுக்கு அம்மா இன்னும் இரண்டு வருடம் பச்சைக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு முகம். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து, கடைசியில் ஐயாயிரம் பட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதில் போய் நின்றேன்.

வியாழக்கிழமை வேறு வழியில்லை. ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் முகம் சுளிக்காமல் பேசிய கடைக்காரத் தம்பியிடமே போனேன். முத்திரை உடைக்காத பெட்டி, ஒரு வருடக் கம்பனி வாரண்டி, மகள் எழுதியதெல்லாம் இருந்தது. என்னுடைய சிம்மையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். டவுனில் சிக்னல் எடுக்கும், எங்கள் லயத்தில் ஜன்னலோரம் ஒரு கம்பனி சிம்தான் எடுக்கும், அதனால் ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"அண்ணே, பொண்ணு பாக்கவா வந்தீங்க? புடிச்சா கட்டிக்கிறேன், இல்லன்னா திருப்பி அனுப்புறேன்னு" என்றான்.

அப்புறம் விரல் ரேகைப் பூட்டுப் போட என் பெருவிரலை வைக்கச் சொன்னான். வைத்தேன். எடுக்கவில்லை. ஆட்காட்டி விரல், நடுவிரல், இடது கை, எதையும் எடுக்கவில்லை. என் விரலைத் திருப்பிப் பார்த்தான். இருபது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்த விரல், ரேகைக்குப் பதில் காய்ப்பும் வெட்டுத் தழும்பும்தான் இருந்தது. போனில்தான் கோளாறோ என்று கேட்டேன். அவன் தன் விரலை வைத்துக் காட்டினான், உடனே திறந்தது. நம்பர் பூட்டே போதும் என்று காசைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்கு இரவு மகள் போனில் வேண்டிய எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போகும் வழியில் நான் போனைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் புதிதாக ஆட்டோ வாங்கினாலும் தையல் மெஷின் வாங்கினாலும் மாரியம்மனுக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுத்தான் ஓட விடுவோம். கவ்வாத்துக் கத்திக்கே வருடத்தில் ஒரு நாள் பொட்டு உண்டு. பூசாரி போனின் முதுகில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அது போதவில்லை. அன்றைக்குத்தானே அது வேலை செய்தாக வேண்டும். தலையிலும் காலிலும் வைக்கச் சொன்னேன்.

"போனுக்கு ஏது தலையும் காலும்?" என்றார்.

மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் காட்டினேன். குழைத்த சந்தனத்தை நன்றாக அழுத்தி வைத்துக் கொடுத்தார். முன்பக்கத்தைத் துடைத்தேன். விளிம்பில் இருந்ததைத் துடைக்க மனம் வரவில்லை. அன்று வெயில் நன்றாக அடித்தது.

மூன்று மணிக்கு மகள் டவுனில் வகுப்பில் இருந்தாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. நான் ஜன்னலோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. பச்சைப் பொத்தானைத் தேய்த்தேன்.

அவள் முழு முகமாகத் தெரிந்தாள்.

அது நான் எதிர்பார்க்காதது. கோடு இல்லை, மங்கல் இல்லை. காதோரம் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. முப்பத்தொன்பது வயது அவளுக்கு. பழைய போனில் இதில் ஒன்றும் தெரியவில்லை. நல்லாத்தான் இருக்கா என்று வாராவாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, புதுப் போனா? நல்லாத் தெரியுதே" என்றாள்.

வந்துரு என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

அவள் காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "என்னங்க? கேக்கலையே. வாய் மட்டும் அசையுது."

வந்துரு, வந்துரு என்று கத்தினேன். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. அவளுக்குக் கேட்கவில்லை. வெட்டிவிட்டு மறுபடி எடுத்தாள். அப்போதும் அப்படித்தான். அவள் பேசுவது எனக்கு மணி மாதிரிக் கேட்கிறது, நான் பேசுவது போகவில்லை. மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஊமைப் போனை வாங்கி வந்திருக்கிறேன். அந்தத் தம்பியை மனதுக்குள் வாயில் வந்தபடி திட்டினேன். மேடம் வந்துவிடுவாளோ என்று அவள் வாசல் பக்கம் பார்ப்பது வேறு தெரிந்தது. எழுத்துத் தட்டி அனுப்ப எனக்கு வராது. மகள் வந்தால்தான் உண்டு.

மகளுடைய கணக்குக் கொப்பி மேசையில் கிடந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவால் ஒவ்வொரு எழுத்தையும் நாலைந்து தரம் மேலே மேலே தடிப்பாக எழுதினேன். கூரையைப் பற்றியும் எழுத நினைத்தேன். பரீட்சையைப் பற்றியும் எழுத நினைத்தேன். நேரம் இல்லை, இடமும் இல்லை. 'வந்துரு' என்பது மட்டும்தான் அந்தப் பக்கத்தில் கொண்டது. போனுக்கு முன்னால் பிடித்தேன். மூலையில் என் படம் தெரியும் சின்னக் கட்டத்தில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது. ஐயோ, அவளுக்கும் இப்படித்தான் தெரியுமோ என்று கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன்.

"ஆட்டாதீங்க" என்றாள்.

ஆட்டாமல் பிடித்தேன். அவள் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"பொறகு மாத்திப் பேசக் கூடாது. ரெண்டு நாள் போய், அப்பிடி இருந்துச்சு, இப்பிடி இருந்துச்சுன்னு சொல்லக் கூடாது."

ஆனா, என்று ஆரம்பித்தேன். கூரை, வகுப்புக் காசு, கீழ் லயத்தில் வாங்கிய கடன், எல்லாம் தொண்டை வரை வந்தது. சொன்னேன் கூட. ஒன்றும் போய்ச் சேரவில்லை. அவள் என் வாயைப் பார்க்கவில்லை, கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். பில்லு, பெட்டி, வாரண்டி அட்டை எல்லாவற்றையும் கடை மேசையில் வைத்து, நான் பேசுவது அந்தப் பக்கம் கேட்கவில்லை என்றேன். சண்டை போடுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அந்தத் தம்பி போனின் கீழ் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கோயிலுக்குக் கொண்டு போனீங்களா அண்ணே?"

குண்டூசியை எடுத்து விளிம்பில் இருந்த ஒரு பொட்டு ஓட்டையில் விட்டான். காய்ந்த சந்தனம் உதிர்ந்து மேசைக் கண்ணாடியில் விழுந்தது. பேசுகிற சத்தம் அதற்குள்தான் போகுமாம். நான் கண்ட ஓட்டையெல்லாம் சார்ஜ் போடுகிறதும் இயர்போன் போடுகிறதும்தான். "போன மாசம் ஒரு அக்கா கேமராவுக்கே பொட்டு வச்சுக் கொண்டு வந்தாங்க" என்றான். எனக்காகச் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். ஊசியால் குத்தியதில் வாரண்டி போய்விடாதே என்று கேட்டேன். போகாது என்றான்.

பஸ் நிலையத்தில் பஸ் நிரம்பக் காத்திருந்தபோது எனக்கு மறுபடி யோசனை வந்தது. இப்போது போன் பேசும். அவள் மேடத்திடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டாள். பதில் சொல்கிற நாள் என்பதால் மேடம் போனைக் கொடுத்தாலும் கொடுப்பாள். அங்கே இன்னும் காலை ஆறு மணி கூட ஆகவில்லை. குரலைப் பதிந்து அனுப்ப மகள் காட்டித் தந்திருந்தாள். கடைசி சீட்டில் உட்கார்ந்து பேசினேன். கூரையைச் சொன்னேன், பரீட்சையைச் சொன்னேன், இன்னும் ஒரு வருடம் மட்டும் இருந்துவிட்டு வந்தால் என்ன என்றும் சொன்னேன். அனுப்புவதற்கு முன் போட்டுக் கேட்டேன். என் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. 'ஆனா' என்றுதான் மூச்சுக்கு மூச்சு கேட்டது. அனுப்பவா வேண்டாமா என்று விரலைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கும்போதே பஸ் புறப்பட்டுவிட்டது.

ரொசல்லை ஊரைத் தாண்டும்போது போன் அதிர்ந்தது. அவளுடைய குரல். காதோடு வைத்துக் கேட்டேன்.

"விடியக்காலத் தொழுகைக்கு எழும்புனதுமே சொல்லிட்டேங்க. மேடம் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கா. ஆனாலும் டிக்கெட் போடச் சொல்லிட்டா. இதச் சொல்லத்தான் போனத் தந்தா. நான் வாற வரைக்கும் வேற ஒண்ணும் வாங்கிறாதீங்க."

நான் பேசி வைத்தது அனுப்பாமல் அப்படியே திரையில் நின்றது. அழிக்கிறது எந்தப் பொத்தான், அனுப்புகிறது எந்தப் பொத்தான் என்பதில் எனக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. மகள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும்வரை, காய்த்துப்போன விரல் தவறி எதிலும் பட்டுவிடக் கூடாதே என்று, போனை விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தேன்.